எழுபது வளைவுகள்

நாற்பத்தைந்து வயதைக் கடந்த மனிதன் ஒருவன் சைக்கிளில் மலையேறப் புறப்பட்டால், வீட்டிலுள்ளவர்கள் முதலில் அவன் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். பிறகு டாக்டரின் விலாசத்தைத் தேடுவார்கள். சென்ற டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக் கட்டி வைத்துவிட்டு, "கொல்லிமலைக்குச் சைக்கிளில் போய் வரப் போகிறோம்" என்று நாம் அறிவித்தபோது அதுவேதான் நடந்தது. "பஸ் ஓடவில்லையா?" என்று மட்டும் கேட்டாள் நம் சகதர்மிணி. ஓடுகிறது என்பதை ஒப்புக் கொண்டோம்.

உண்மைக் காரணத்தை வாசகர்களிடம் மறைப்பானேன்? இருபது வருஷ காலமாக வகுப்பில் கடையெழு வள்ளல்களின் பெயர்களைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்து வருகிறோம். ஒரு நாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "வல்வில் ஓரியின் மலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, சார்?" என்று கேட்டுவிட்டான். நாமக்கல் ஜில்லாவில், பஸ்ஸில் ஏறினால் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய மலை. பார்த்ததில்லை. மணி அடித்து நம்மைக் காப்பாற்றிற்று.

துணைக்கு நம் பள்ளிக் கணக்கு வாத்தியார் வந்தார். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் சென்றால் காரவள்ளி. அங்கே சமவெளி முடிந்து மலை எழுகிறது. அடிவாரத்திலிருந்து மேலே சோளக்காடு சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி நட்டு வைத்திருக்கிறார்கள். இது யாருடைய யோசனையோ தெரியாது. காரில் போகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். சைக்கிள்காரனுக்கோ, கடன்காரன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பாக்கியை நினைவூட்டுவது போல் இருக்கிறது. "ஏழில் ஒரு பங்கு முடிந்தது" என்றார் கணக்கு வாத்தியார், பத்தாவது வளைவில். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவரோடு நாம் பேசவில்லை.

நம்முடைய வண்டியில் பற்சக்கரங்களை மாற்றிக் கொள்ளும் வசதி உண்டு. முன்னே சிறிய சக்கரத்திலும் பின்னே பெரிய சக்கரத்திலும் சங்கிலியை விட்டுக் கொண்டால் மிதி இலேசாகிறது. ஆனால் வண்டி நத்தையாகிறது. காலுக்கு இதம், கடிகாரத்துக்கு நஷ்டம். இந்த வசதிக்காகப் பிரான்ஸ் தேசத்தில் பெரிய வாதப் போரே நடந்திருக்கிறது. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதி வந்த போல் தெ விவி என்பவர், மலைப் பிரயாணத்துக்குப் பல பற்சக்கரங்கள் அவசியம் என்று ஓயாமல் வற்புறுத்தினார். 1902-ஆம் வருஷம் மலைப்பாதையில் நடந்த ஒரு சோதனையில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி மூன்று வேக வண்டியில் ஏறி, ஒரே வேக வண்டியில் வந்த பந்தய வீரர் ஒருவரைப் பின்னுக்குத் தள்ளினார். ஆயினும் 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தை நடத்திய ஆன்றி தெகிராஞ்சு மனம் மாறவில்லை. அந்தச் சௌகரியமெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கே ஏற்றது என்று அவர் எழுதியதாகச் சொல்வார்கள். அந்தப் பந்தயத்தில் வீரர்கள் எல்லோருக்கும் அதை அனுமதிப்பதற்கு 1937 ஆயிற்று. நமக்கு வயது நாற்பத்தாறு. ஆகவே தெகிராஞ்சின் சட்டப்படியும் நாம் குற்றவாளியல்ல.

இவ்வளவு ஆதாரங்கள் இருந்தும் முப்பத்தோராவது வளைவில் இறங்கித் தள்ளலானோம். முதலில் வெட்கமாயிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வெட்கம் போய்விட்டது. மலை கண்ணில் படத் தொடங்கிற்று. அடிவாரத்தின் வறண்ட முட்புதர்கள் எப்போது மறைந்தன, பச்சை மரங்கள் எப்போது வந்தன என்று தெரியவில்லை. காற்றில் குளிர் ஏறியிருந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை முழக்கிக் கொண்டு இறங்கிப் போனால், அதன் ஓசை கீழே ஐந்தாறு வளைவுகள் வரையில் கேட்டுத் தேய்ந்து போகும். பிறகு ஒரே நிசப்தம். ஒரு குரங்கு மட்டும் நம் பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்துக் கொண்டு, தள்ளாமலே மேலே போயிற்று.

சோளக்காட்டை அடைந்தபோது வெயில் உச்சியை நெருங்கிவிட்டது. மலையின் மேற்பரப்பு நாம் எண்ணியிருந்தது போல் ஒரு சிகரமல்ல. ஏறியும் இறங்கியும் பரந்து கிடக்கும் ஒரு நாடு. அங்குள்ளவர்களே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாகத்தான் சொல்கிறார்கள். பள்ளங்களில் நெல் வயல், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, களங்களில் உலரும் காப்பிப் பழம், சரிவுகளிலெல்லாம் மரவள்ளி. கிளைப் பாதைகளில் அரை மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் அதிகம்.

அப்படிப்பட்ட ஒரு பாதையின் ஓரத்தில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் தண்ணீர் கேட்டோம். செம்பு நிறையக் கொடுத்தாள். இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐம்பதாவது வளைவில் மூச்சு வாங்க நின்றபோதே, இந்தப் பகுதிக்கு ஒரு கட்டுரையை மனத்தில் பாதி எழுதி முடித்திருந்தோம். சாமையும் தினையும் விளைந்த மலையில், ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி வந்து புகுந்துவிட்டதே என்ற சோகம் அதில் வெகு உருக்கமாக அமைந்திருந்தது. அந்தக் கட்டுரையின் தெம்பில், "சாமைச் சோறு கிடைக்குமா, ஆயா?" என்று கேட்டோம்.

கிழவி சிரித்தாள். "சாமை திங்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், சார். குத்தறது யாரு?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். அவளே சொன்னாள். வாக்கப்பட்டு வந்த நாள் முதல் கோழி கூப்பிடும்போது எழுந்து, அவளும் மாமியாரும் உரலுக்கு இரண்டு பக்கமும் நின்று உலக்கை போடுவார்களாம். குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி, உமி போய் அரிசி தெரிவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதற்கப்புறம் காட்டு வேலை. வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். அது தூக்க வராதாம். "மரவள்ளியப் புடுங்கி லாரியில ஏத்துனா காசு. அந்தக் காசுலதான் பேத்தி நாமக்கல்லுல படிக்குது. ரேசன் அரிசிச் சோறு இருக்கு. போடட்டுங்களா?"

சாப்பிட்டோம். ரசம் நன்றாயிருந்தது. சிறுதானியங்களைக் காக்க விரும்பியவர்களில் சிலர் இந்தக் கிழவியின் தோளையும் கணக்கில் எடுத்துக் கொண்டார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் தொடங்கி இம்மலையில் வேலை செய்து, விதையைக் காப்பதோடு நில்லாமல், சாமை உமி நீக்கும் யந்திரங்களையும் கிராமங்களுக்குக் கொண்டு வந்தது. ஆனால் கிழவி அறிந்த மில் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறது. மூட்டையை யார் சுமப்பது என்பது அவளுடைய அடுத்த கேள்வி. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் போலச் சாமை போட்டிருக்கிறாளாம். சாமிக்குப் படைக்கவும் விதைக்கும். உமி நீக்காத சாமை ஒரு படி விலைக்குக் கேட்டோம். அளந்து கொடுத்தாள். காசை எண்ணி வாங்கி முடிந்து கொண்டாள்.

மறுநாள் அறப்பளீசுவரரைத் தரிசித்தோம். ஆகாய கங்கை அருவிக்குக் கீழே இறங்க ஆயிரத்துக்கு மேல் படிகள் என்றார்கள். நம் முழங்கால்கள் கூடி எதிர்த் தீர்மானம் நிறைவேற்றின. செம்மேட்டில் ஓரிக்குக் குதிரை மேல் சிலை வைத்திருக்கிறார்கள். பையனுக்குக் காட்டப் படம் பிடித்துக் கொண்டோம்.

இறங்குவது ஏறுவதை விடச் சுலபம் என்று நினைப்பவர்கள் ஏறி மட்டுமே பழகியவர்கள். பிரேக்கை விடாமல் பிடித்தால் சக்கர விளிம்பு சுட்டுப் போகும். விட்டால் வண்டி ஓடிப் போகும். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் தளர்த்தி, அடுத்ததற்கு மறுபடி அழுத்த வேண்டும். எழுபது தடவை. காரவள்ளியில் கணக்கு வாத்தியாரின் விரல்கள் பிரேக்கைப் பிடித்த நிலையிலேயே மடங்கியிருந்தன. டீத் தம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்தார்.

சாமை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்த உரலை நிமிர்த்திக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமே உலக்கையைப் பிடித்தோம். சகதர்மிணி முறத்தோடு எதிரே உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் எழும்பிற்று; புடைத்துப் பார்த்தால் முக்கால் பங்கு உமியோடேயே இருந்தது. அன்றைக்கு இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு பிடி சோறு தேறிற்று. மீதிச் சாமை இன்னும் டப்பாவில் இருக்கிறது.