கல்லாவில் குறைந்தால்…

ஆயர் ஈத்தாம் சந்தையில் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தேன். ஒரு கடையில் காசாளர். "பத்து வெள்ளி குறைஞ்சாலும் என் சம்பளத்துல வெட்டுறாங்க தம்பி. நாட்டுக் கணக்குல குறைஞ்சா யார் சம்பளத்துல வெட்டுறாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் நமக்குப் பற்றாக்குறைதான். அமைச்சர்களின் சம்பளத்தை 2018இல் மகாதீர் 10 விழுக்காடும், 2022 டிசம்பரில் அன்வார் 20 விழுக்காடும் குறைத்தார்கள். பிரதமருக்குரிய சம்பளத்தை அன்வார் வாங்குவதே இல்லை. நல்லதுதான். ஆனால் அது மனமுவந்து விட்டுக்கொடுத்தது. கணக்கு தவறியதற்கான வெட்டு அல்ல.

2023இல் நாடாளுமன்றம் நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தது. பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் வரவேண்டும். 2024இல் 4.1 விழுக்காட்டில் நின்றது. இலக்கு தவறினால் நிதியமைச்சர் மக்களவையில் காரணம் சொல்லவேண்டும், அவ்வளவுதான். சட்டைப் பைக்கு ஆபத்தில்லை.

222 உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 16,000 வெள்ளியை ஆண்டு முழுக்க வெட்டினாலும் 4.3 கோடி தேறாது. பற்றாக்குறையோ பல ஆயிரம் கோடி. வெட்டுவது பணத்துக்காக அல்ல, பயத்துக்காக.

அந்தப் பயம்தான் எனக்கு இடிக்கிறது. 2020இல் கோவிட் செலவால் பற்றாக்குறை 6.2 விழுக்காட்டுக்கு ஏறியது. தங்கள் சம்பளம் போகும் என்றிருந்தால் பந்துவான் பிரிஹாத்தின் பணம் நம் கணக்குக்கு வந்திருக்குமா? அதனால், காரணம் சொல்லாமல் மீறினால் மட்டும் வெட்டலாம் என்பேன்.

அக்காவிடம் சொன்னேன். "என்கிட்ட யாரும் காரணம் கேக்கலையே தம்பி" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு நடந்தார்.