மூச்சுக்கும் விலையா?

2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்தியது. மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்று மருந்துக் கம்பெனிகள் முறையிட்டன, ஆணையம் இணங்கியது. அந்த எட்டில் ஒன்று சால்பியூட்டமால். இழுப்பு வந்ததும் ஆஸ்த்மாக்காரர்கள் வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை அதுதான். ஆலையில் பஞ்சுத் தூசியோடும் களத்தில் நெல் தூசியோடும் மல்லுக்கட்டும் நம் மக்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இந்த விலை உயர்வை நாம் கண்டிக்கிறோம். ஆனால் அதோடு நின்றுவிடுவதற்கில்லை. அந்த மாத்திரைதான் ஏழைக்கு விதிக்கப்பட்ட வைத்தியமா என்றும் கேட்டாக வேண்டும்.

ஆஸ்த்மா என்பது மூச்சுக்குழாய்களின் உட்புறம் நாள்பட வீங்கிக் கிடக்கும் நோய். தூசியோ புகையோ பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, மூச்சு அடைக்கிறது. ஆகவே மருந்தும் இரண்டு வகை. இறுகிய தசையைத் தளர்த்துவது ஒன்று. வீக்கத்தை ஆற்றுவது மற்றொன்று. 1969-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சால்பியூட்டமால் முதல் வகை. இன்ஹேலரில் எடுத்தால் சில நிமிடங்களில் மூச்சைத் திறந்துவிடும். நான்கைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது ஆற்றாது. அதை ஆற்றுவது, நாள்தோறும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. இன்ஹேலரில் பெக்ளோமெத்தசோன் 1972-ல் வந்தது. பிறகு புடசோனைடு வந்தது.

முதல் வகையை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. 1960களில் பிரிட்டனில் ஐசோபிரீனலின் என்ற தளர்த்தும் மருந்து, அதிக வலுவுள்ள இன்ஹேலராகப் பெருகிய காலத்தில், ஆஸ்த்மாச் சாவுகளும் பெருகின. வளர்ந்தவர்களுக்குத் தளர்த்தும் மருந்தை மட்டும் தனியே கொடுக்கலாகாது என்று 2019-ல் உலக ஆஸ்த்மா நிபுணர் குழு அறிவித்தது.

நம் தொழிலாளிக்குக் கிடைப்பது என்ன? ஓர் ஊசி, நாலு மாத்திரை. இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வரும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப்போல் 40 மடங்கு. அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நடுங்கும் கையோடு தறியில் நிற்பவனுக்கு அதன் பொருள் தெரியும்.

இன்ஹேலர் பிடித்தால் விட முடியாது, அது கடைசிக் கட்ட மருந்து என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அது தவறு. சிறு அளவு மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று டாக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தளர்த்தும் மருந்து தேவைப்பட்டால், அன்றாட மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்டால் கிடைக்கிறதா, வாங்கக் கட்டுமா என்பதே பிரச்னை. இந்த மருந்துகளின் மூலக் காப்புரிமை முடிந்து வெகு காலமாகிவிட்டது. ஆயினும் 1972-ன் அதே பெக்ளோமெத்தசோனை, க்யூவார் என்ற பெயரில், ஜெர்மனியில் 9 டாலருக்கு விற்கும் கம்பெனி அமெரிக்காவில் 286 டாலர் கேட்கிறது என்று 2024-ல் அந்நாட்டு செனட் குழு அம்பலப்படுத்தியது. ஓசோன் படலத்தைக் காக்க இன்ஹேலரின் வாயுவை மாற்ற நேர்ந்தபோது, அதையே சாக்காக வைத்துப் புதுக் காப்புரிமை வாங்கியவர்கள் அந்நாட்டில் உண்டு. எதிர்ப்பு வலுத்த பின், அதே ஆண்டில் மூன்று பெரிய கம்பெனிகள் நோயாளி தன் கையிலிருந்து கொடுப்பது மாதம் 35 டாலருக்கு மேற்படாது என்று அறிவித்தன. மருந்தின் அடக்கவிலையா திடீரென இறங்கியது? இல்லை, மக்களின் குரல் ஏறியது!

சால்பியூட்டமாலும் புடசோனைடும் 2022-ஆம் ஆண்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருந்தால் போதுமா? ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருக்க வேண்டாமா?

மருந்து வந்தாலும் தூசி தூசிதான். வார விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும் பஞ்சுத் தூசி நோயை, தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோயென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே ஏற்றது. தூசியை உறிஞ்சும் இயந்திரம் வைக்காத முதலாளி, இன்ஹேலரைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆகவே நாம் கோருகிறோம்: இரண்டு வகை இன்ஹேலர்களும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் மாதந்தோறும் தடையின்றி, இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதைப் பிடித்து இழுக்கும் முறையைப் பொறுமையோடு கற்றுத்தர ஆள் வேண்டும். உயர்த்திய விலையைக் குறைக்க வேண்டும். ஆலைகளில் தூசியை அடக்க வேண்டும்.

சங்கக் கூட்டங்களில் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இதையும் சேருங்கள். கூலிக்குப் பேரம் பேசவும் நெஞ்சில் மூச்சு வேண்டும்.