பளபளப்புக்கு அடியில் இருக்கும் ஈரம்

திருப்பூரில் நாம் எவரும் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. நிட்டிங்கிலிருந்து வரும் ரோலை விளக்கொளியில் ஓடவிட்டு ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் தேடுகிறோம். ஒரு துண்டைத் துவைத்து, எவ்வளவு சுருங்குகிறது, சாயம் நிற்கிறதா என்று அறிந்த பிறகே கட்டிங்குக்கு அனுப்புகிறோம். அதே நாம், ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய பென்ஸையோ பி.எம்.டபிள்யூவையோ வாங்கும்போது மட்டும், பாலிஷ் போட்ட பெயின்ட்டைக் கண்டதுமே முன்பணம் கொடுத்துவிடுகிறோம். விற்பவர் நமக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால், கேள்வி கேட்கவும் கூச்சப்படுகிறோம்.

கடைவீதியில் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். விற்பவருக்கான எச்சரிக்கையாகவே இதை நாம் கேட்டு வந்திருக்கிறோம். வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு. மேற்பரப்பைப் பார்த்ததோடு நிற்காமல் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது, சகோதரரைச் சந்தேகிப்பது ஆகாது.

சொகுசுக் காரின் குவியலுக்குள் எப்படிக் கைவிடுவது? முதலில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தின் பதிவுகளை முழுமையாகக் கேட்க வேண்டும். அதில் உள்ள கிலோமீட்டரும் மீட்டர் காட்டுவதும் பொருந்த வேண்டும். சின்னத்தை நம்புவதைவிட, அந்த மாடலின் எஞ்சினை அறிந்துகொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக, பி.எம்.டபிள்யூ 2007இல் அறிமுகப்படுத்திய என்47 டீசல் எஞ்சினின் தொடக்கக்காலத் தயாரிப்புகளில் டைமிங் செயின் தேய்வது பலரும் அறிந்த குறை. அந்தச் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் அதை மாற்றுவது பெரும் வேலை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்றப் பரிந்துரைக்கிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நாமே ஸ்டார்ட் செய்து ஒலியைக் கேட்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, இரவு முழுவதும் நின்ற பின் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கியது. ஆகவே சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பதும், காப்பீட்டுக் கோரிக்கை விவரங்களைக் கேட்பதும் அவசியம். கடன் பாக்கி உள்ளதா என்பதை ஆர்.சி. பதிவில் காணலாம். ஸ்கேனர் வைத்துச் சோதிக்கும் மெக்கானிக், விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது.

காரின் விலை பாதியாகக் குறைந்துவிட்டது என்பதற்காக, உதிரிபாகங்களின் விலை பாதியாவதில்லை. இதை மறந்து வாங்கிய வண்டி பழுதாகி நிற்கும்போது, பழுது பார்க்கும் பணம் எங்கிருந்து வரும்? சிறிய ஜாப் ஒர்க் கம்பெனி நடத்துபவருக்கு அது பெரும்பாலும் சனிக்கிழமைச் சம்பளப் பணத்திலிருந்தே வரும். நமது கௌரவத்திற்கான விலையைத் தையல் மெஷினில் அமர்ந்திருப்பவர் கொடுக்கும் நிலை, மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்தது அன்று. சோதித்து, மனம் நிறையாவிட்டால் விலகிவிடுவதில் இழிவு எதுவும் இல்லை.

அதே வண்டியை நாளை நாம் விற்கவும் நேரும். அன்று அதன் குறையை நம் வாயால் சொல்லி விற்போம். விலை சற்றுக் குறையலாம். உண்மை பேசி நடந்த வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது. மறைத்து அடைந்த இலாபத்தில் அது இராது. அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக.