எதிரே ஓர் ஆள்



கறுப்புத் திரை ஒன்று. நடுவே புள்ளிக் கோடு. இருமருங்கும் மட்டையெனக் கருதத்தக்க இரு வெண்கோடுகள். பந்தெனக் கருதத்தக்க ஒரு சதுரப் பொட்டு. 'பாங்' என்னும் வீடியோ விளையாட்டு இவ்வளவே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1972-ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனத்தார் இதனை வெளியிட்டனர். ஆட்டக்காரரின் வியர்வைத் துளியையும் திரையில் காட்டவல்ல விளையாட்டுகள் மலிந்துவிட்ட இந்நாளிலும் இதனைத் தேடி ஆடுவோர் உளர். பங்குச் சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு, சற்றுப் பொறுத்தருள்க.

நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவர் தொடங்கிய அந்நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்னும் இளம் பொறியாளரிடம், வெறும் பயிற்சிக்காகவே இவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அவரோ அதில் உள்ளத்தை வைத்துவிட்டார். மட்டையை எட்டுக் கூறுகளாகப் பகுத்தார். நடுக்கூற்றில் பட்ட பந்து நேரே திரும்பும்; ஓரத்தில் பட்டதோ சாய்ந்து பாயும். பந்து மாறி மாறி அடிபட அடிபட அதன் விரைவும் கூடும். மட்டை திரையின் மேல் விளிம்பை எட்டாத குறையொன்று மின்சுற்றில் இருந்தது. அதனை அவர் திருத்தாமலே விட்டார். திருத்தியிருந்தால், வல்லவர் இருவர் எதிர்நின்று ஆடும் ஆட்டம் முடிவே காணாது போயிருக்கும்!

முதற்பொறியைச் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் வைத்தனர். (மதுக்கடை என்றதும் முகஞ்சுளிக்க வேண்டா; வரலாறு அங்கேதான் நிகழ்ந்தது.) சில நாட்களில் பொறி நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. ஆல்கார்ன் சென்று திறந்து பார்க்க, உள்ளே நாணயங்கள் நிரம்பி வழிந்து கிடந்தன. பழுது அதுவே. திரையில் பந்தாடும் எண்ணம் மட்டும் அவர்களுக்கே உரியதன்று. ரால்ப் பேர் என்பவர் வகுத்த பொறி ஒன்று அதே ஆண்டில் முன்னரே வெளிவந்திருந்தது. அதனை விற்ற நிறுவனத்தார் தொடுத்த வழக்கு 1976-இல் உடன்பாட்டில் முடிந்தது.

இவ்வளவு எளிய விளையாட்டு நிலைத்து நிற்பது எதனால்? பழம் நினைவின் இனிமை என்று கூறி நிறுத்திவிடலாம். அது எனக்கு நிறைவளிக்கவில்லை. இது வெளிவந்தபோது பிறந்திராத சிறுவரும் இதனை விரும்பி ஆடுகின்றனரே! அம்முதற்பொறியில் தனியொருவர் ஆட வழியே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு குமிழ்கள், இரண்டு கைகள், எதிரே ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். ஒரே பொறியின் முன்னே இருவரும் தோள் உரச நின்றாக வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். பாட்டனும் பேரனும் நிகராக நிற்கலாம். பணம் கட்டி வெற்றியை வாங்க இயலாது. ஆட்டத்திற்கு முடிவும் உண்டு. இன்று கைப்பேசியில் வரும் விளையாட்டுகள் பலவற்றில் முடிவு என்பதே இல்லை. பிள்ளையைத் தனியே ஒரு மூலையில் இருத்தி, எழவிடாது பிடித்து வைப்பதற்கென்றே அவை வகுக்கப்பட்டுள்ளனவோ என்று ஐயுறுகிறேன்.

விளையாட்டே வேண்டாம் என்போருக்குப் புனித தோமா அக்குவினாஸ் தக்க விடை தந்துள்ளார். உடலுக்கு ஓய்வு வேண்டுவது போல உள்ளத்திற்கும் ஓய்வு வேண்டும், விளையாட்டு அதனைத் தரும் என்றும், அளவோடு ஆடுதல் நற்பண்பைச் சேர்ந்தது என்றும் தம் இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். தானும் ஆடாது, பிறர் ஆடுவதையும் பொறாதவன் குறையுடையவன் என்று கூறவும் அவர் தயங்கவில்லை. எருசலேமின் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடி மகிழ்வர் என்று இறைவாக்கினர் செக்கரியா முன்னுரைத்ததும் மீட்பின் அடையாளமாகவே அன்றோ?

இவற்றையெல்லாம் எழுதத் தூண்டியது அன்னையார் ஒருவரின் மடல். அவர்தம் கணவர் வெளிநாட்டில் பல்லாண்டு உழைத்து இல்லம் திரும்பியவர். பதின்மூன்று வயது மகனோ தந்தையிடம் இரண்டு சொல்லுக்குமேல் பேசுவதில்லை. அண்மையில் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பழைய பாணிப் பொறி ஒன்றைத் தந்தை வாங்கி வந்தார். மாலைதோறும் இருவரும் பாங் ஆடுகின்றனராம். குடும்பச் செபமாலை தள்ளிப்போகிறதாம். "சாமிதான் கண்டிக்க வேண்டும்" என்று முடித்திருந்தார்.

குடும்பச் செபமாலையை விட்டுவிடக் கூடாது; அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆயினும் கண்டிக்கும் முன், ஆடும்போது அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அந்த அன்னையாரைக் கேட்டேன். முதலில் வெறும் கூச்சலும் சிரிப்பும்தான் என்றார். பின்னர் சற்று யோசித்து, பள்ளியில் தனக்கு நேர்ந்த அவமானம் ஒன்றைச் சென்ற வாரம் ஆட்டத்தின் நடுவே மகன் தந்தையிடம் கூறியதைச் சொன்னார். திரையைவிட்டுக் கண்ணெடுக்காமலே கூறினானாம். தந்தையும் திரும்பிப் பாராமல், பந்தை அடித்தவாறே கேட்டுக்கொண்டாராம். அன்னையாருக்கே அன்றுதான் அச்செய்தி தெரிந்தது.

நேருக்கு நேர் முகம் பார்த்துச் சொல்லக் கூசும் வயது அது.

ஏழு மணிக்குச் செபமாலை, அதற்கு முன் மூன்று ஆட்டம் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். மூன்றாம் ஆட்டத்தில் அன்னையாரும் ஒரு குமிழைப் பிடிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. தமக்கு அதைத் திருப்பத் தெரியாது என்கிறார். மகன் கற்றுத் தருவான்.