புள்ளியிட்டு அறியலாகுமோ?

தன்னுயிரைத் தானே போக்க முயன்று, வைத்தியர் தாதியரின் அரும்பணியாற் பிழைத்தெழுந்த ஒருவர் இல்லந் திரும்பும் நாளில், அவர் மீண்டும் அவ்வாறு முயல்வாரோ என்னும் வினா எல்லார் நெஞ்சிலும் எழுகின்றது. பெற்றோர் அதனை வாய்விட்டுக் கேட்பதில்லை. வைத்தியரோ கேட்டே ஆகவேண்டியவர். அவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு வகுக்கப்பட்ட முறைகளைப் பற்றி யாம் கொண்ட கருத்தை, வைத்தியத் துறையிற் பலரை உடைய பழைய மாணவர் முன் இம்மலரின் வாயிலாக வைக்கின்றோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என்பார் உளராகலாம். அவ்வாறு மீண்ட பிள்ளை மறுவாரம் வந்து அமர்வது எம் வகுப்பிலேயே என்பது எமது விடை.

மருத்துவ மாணவர் எளிதில் நினைவிலிருத்துதற்காக 1983 ஆம் ஆண்டில் 10 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்று மேல்நாட்டில் வெளியாயிற்று. நோயாளர் ஆணாயின் 1 புள்ளி. மிக இளையராயினும் முதுமையை அணுகுபவராயினும் 1 புள்ளி. வாழ்க்கைத்துணை இல்லாதவராயின் 1 புள்ளி. மனச்சோர்வு, மதுப்பழக்கம், முன்னைய முயற்சி முதலியவற்றிற்கும் அவ்வாறே. கூட்டுத்தொகை குறைவாயின் வீட்டுக்கு அனுப்பலாம். மிகுதியாயின் விடுதியில் நிறுத்தவேண்டும். இப்பட்டியலையும் இதன் வழிவந்த பிறவற்றையும் உலகின் பல வைத்தியசாலைகள் கைக்கொண்டன.

இதனை நம் கல்லூரிப் பத்தாம் வகுப்பிற் பொருத்திப் பார்த்தோம். அங்குள்ளோர் அனைவரும் ஆண்கள்; அனைவரும் இளையர்; மணமானவர் எவருமிலர். ஆகவே ஒருவரும் வாய் திறவாமுன்னரே ஒவ்வொருவர்க்கும் 3 புள்ளி கிடைத்துவிடுகின்றது. கணிதத்திற் கூட இத்துணை எளிதாகப் புள்ளி பெற்றறியாதவர் அவருட் சிலர்! ஆனால் கணவனோடு வாழும் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, தாங்கொணாத் துயரோடு வந்தாலும், இம்மூன்று வினாக்களுக்கும் சுழியமே பெறுவாள்.

நகைப்புக்குரியது இஃதொன்றே ஆயின் எழுத வந்திரோம். அதே 1983 இல் அலெக்ஸ் பொக்கோர்னி என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியர், 4,800 நோயாளரைத் தொடர்ந்து கவனித்துத் தம் முடிவை வெளியிட்டார். அவருள் 67 பேர் பின்னர்த் தற்கொலையால் இறந்தனர். அந்த 67 பேர் யார் என முன்கூட்டிப் பயன்படும் அளவிற் பிரித்தறிய அவர் கையாண்ட எவ்வளவையாலும் இயலவில்லை. அதன்பின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் நோக்கியவர்கள், மிகுந்த இடருடையோர் எனக் குறிக்கப்பட்ட மனநோயாளருள் 100 க்கு ஏறத்தாழ 95 பேர் தற்கொலையால் இறப்பதில்லை என்றும், அவ்வாறு இறந்தோருட் பாதியளவினர் இடர் குறைந்தோர் எனக் குறிக்கப்பட்டவரே என்றும் கண்டனர். பிரித்தானியாவின் வழிகாட்டல் நிறுவனமாகிய நைஸ், இத்தகைய அளவைகளைக் கொண்டு வருங்காலத்தைக் கணித்தல் ஆகாது என 2011 இற் கூறிற்று. 2022 இல் மீண்டும் வற்புறுத்திற்று.

காரணம் விளங்காததன்று. முயன்று பிழைத்தோருள் ஓராண்டினுள் மீண்டும் முயல்வோர், பெரும்பாலும் மேல்நாட்டு ஆய்வுகளின்படி, 100 க்கு ஏறத்தாழ 16 பேர். இலங்கையில் அத்தொகை மிகக் குறைவெனவே கண்டுள்ளனர். அரிதாய் நிகழ்வதை முன்னறிதல் அரிது. அன்றியும், பரீட்சைப் புள்ளி அன்றைய விடைத்தாளையே காட்டும் என்பதை எம்மினும் அறிந்தார் யார்? விடுதியில் உற்றார் சூழ இருந்து விடையிறுத்த மனம் வேறு. கடன்காரன் படலையிற் கூப்பிடும் நாளின் மனம் வேறு. இதனால் முன்னைய முயற்சியைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது கருத்தன்று. அது வலிய அறிகுறியே. ஆயின் அது பலரைப் பற்றிய உண்மை. எதிரே இருக்கும் இவர் ஒருவரைப் பற்றிய தீர்ப்பாகாது.

புள்ளியிடுதலால் வரும் பெருங்கேடு, குறைந்த புள்ளி பெற்றவர் கைவிடப்படுதலே. "இவர்க்கு இடரில்லை" என எழுதித் துண்டு வெட்டியதும் எல்லார்க்கும் மனம் ஆறிவிடுகின்றது. விடுதியை விட்டு நீங்கிய முதற் சில வாரங்களே மிகக் கொடியவை என்பதை அத்தாள் சொல்வதில்லை.

பிறகு செய்யத்தக்கது யாது? உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உள்ளிட்ட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடையே நடத்திய ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. ஒரு சாரார்க்கு வழமையான கவனிப்பு; மறுசாரார்க்கு அதனோடு ஏறத்தாழ ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதங்களில் 9 முறை வீடு தேடியோ தொலைபேசியிலோ நலம் உசாவுதலும். அக்காலத்துள் தற்கொலையால் இறந்தோர் முன்னவருள் 100 க்கு 2.2; பின்னவருள் 0.2. மறுமுயற்சிகளின் தொகை இரு சாராரிடையும் ஒத்தே இருந்தது என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் உயிர்கள் எஞ்சின.

இன்னொன்று தமிழாசிரியர் நெஞ்சைக் கவர்வது. ஜெரோம் மொற்றோ என்னும் சான்பிரான்சிஸ்கோ வைத்தியர், தொடர்ந்து சிகிச்சை பெற மறுத்துச் சென்றோருள் ஒரு பகுதியினர்க்கு ஐந்தாண்டுகளில் 24 கடிதங்கள் அனுப்பச் செய்தார். சில வரிகளே, அறிவுரை இல்லை, சிகிச்சைக்கு வாவென்ற அழைப்பும் இல்லை, நலமா என்ற உசாவல் மட்டும். முதலிரண்டு ஆண்டுகளிற் கடிதம் பெற்றோரிடையே தற்கொலை குறைந்தது. கட்டுரையை நீட்டினாற் புள்ளி கூடும் என்று எண்ணும் எம் மாணவர் இதனைக் கருதுக.

நம் நாட்டில் தற்கொலை முயற்சி குற்றமெனும் சட்டம் 1998 இல் நீக்கப்பட்டது. 1995 அளவில் உச்சத்திலிருந்த தற்கொலை வீதமும், கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் பெரிதுங் குறைந்தது. ஆயினும் ஊரவர் வாய்க்கு அஞ்சி "காய்ச்சல்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் நீங்கவில்லை. அவனைத் தனியே அழைத்து, "உயிரை விடும் எண்ணம் இன்னும் வருகிறதா, தம்பி?" என்று நேரே கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என அஞ்சுவார் பலர். ஆய்வுகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. கேட்கலாம், கேட்டபின் விடையைப் பொறுமையோடு செவிமடுத்து, வைத்தியரிடமும் சேர்ப்பிக்க வேண்டும்.

யூபிலி நிதியிற் கட்டடம் எழுப்புதல் மரபு. அதில் ஒரு சிறு பகுதியை, துண்டு வெட்டப்பட்டோர் மறுமுறை கிளினிக்குக்கு வரும் பஸ் கட்டணத்திற்கும், வராதோரைத் தொலைபேசியில் உசாவும் ஒருவரின் வேதனத்திற்கும் ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். தீவுப்பகுதிக் கூலித் தொழிலாளி ஒருவர்க்கு ஒருநாள் வருகை என்பது ஒருநாள் உணவு. வைத்தியராயுள்ள எம் மாணாக்கர், துண்டின் அடியில் இடரின் அளவை எழுதுவதற்கு முன்னே, அடுத்த சந்திப்பின் நாளையும் காணப்போகும் வைத்தியரின் பெயரையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுப்பாராக.