ஏறாத கடையின் விலை ஜாபிதா

நாம் ஒரு நாளும் படியேறியிராத ஒரு கடையை நினைத்து ஏங்குவது நியாயந்தானா என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமில்லைதான். ஆயினும் சென்ற வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், கைபேசியில் செருப்புத் தருவித்த கதையைப் பேசிக்கொண்டிருக்கையில், நமது மனம் செம்மண்டலத்து வீட்டுப் பரணிலிருந்த தகரப் பெட்டிக்கு ஓடிவிட்டது. அப்பெட்டியில், பாட்டியாரின் கூறைப் புடவைக்கு அடியில், ஒயிட்அவே லெயிட்லா கம்பெனியாரின் விலை ஜாபிதா ஒன்று இருந்தது.

ராபர்ட் லெயிட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1882-இல் கல்கத்தாவில் தொடங்கிய கடை அது. பின்னர் பம்பாய், சென்னை, ரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர் என்று பட்டினந்தோறும் கிளை விட்டது. கடன் என்ற பேச்சே கிடையாது. ரொக்கம் வைத்தால்தான் சரக்கு. அதனால் வெள்ளைக்காரர்களே கம்பெனியின் பெயரைத் திரித்து, 'ரைட்அவே அண்டு பெய்ட்ஃபார்' என்று பரிகாசம் செய்தார்கள். மவுண்ட் ரோடு வரை போக இயலாதவர்களைத் தேடி ஜாபிதா தபாலில் வரும். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கொடுக்கும் வி. பி. பி. முறையும் 1877 முதலே நம் நாட்டில் இருந்தது.

மழைக்காலத்தில் பள்ளிக்கு விடுமுறை விட்டால் நமக்கும் தம்பி தங்கையருக்கும் அந்த ஜாபிதாதான் பொழுதுபோக்கு. பக்கத்துக்கு ஒரு சாமான் தேர்ந்தெடுக்கலாம்; தேர்ந்ததை மாற்றக் கூடாது. சோலா தொப்பிக்காக நாம் ஒரு முறை அழுததுண்டு. கடையோ நம் நாட்டைவிட்டு மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அது அப்போது நமக்குத் தெரியாது. இன்று வகுப்பில் நாம் கற்பிக்கும் ஆங்கிலத்தில் பாதி அந்தப் படங்களுக்கு அடியில் படித்ததுதான் என்றால் தலைமையாசிரியர் வருத்தப்படுவார்.

கடைசிப் பக்கத்தில் ஆர்டர் சீட்டு. அதில் பென்சிலால், தமிழில், 'பெண்கள் குடை, ஒன்று' என்று எழுதியிருந்தது. எழுதியவர் பாட்டியார், அப்போது வயது பன்னிரண்டு, வருஷம் 1928. வக்கீல் குமாஸ்தா வீட்டுப் பெண் ஒருத்தி ஜாபிதாவைக் கொடுத்தாளாம். பாட்டியாரின் தகப்பனாரோ, 1921-இல் காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது பேச்சைக் கேட்டுவிட்டு வந்து கதர் உடுத்தியவர். அவர்கள் குடியிருந்த முதுநகரிலிருந்துதான் அஞ்சலையம்மாள் 1927-இல் நீல் சிலைப் போராட்டத்துக்குப் போய்ச் சிறை சென்றார். அந்தச் சிலையும் அதே மவுண்ட் ரோடில்தான் நின்றது.

"ஏன் பாட்டி, சீட்டை அனுப்பவில்லை?" என்றோம் ஒரு நாள்.

"அப்பா நூற்ற நூலிலே பாவாடை கட்டிக்கொண்டு, அந்தக் கடைக் குடையைப் பிடித்துக்கொண்டு எப்படிடா தெருவிலே போகிறது?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் குடை நல்ல குடை" என்றார்.

பின்னால் சிதம்பரத்தில் மார்கழித் தேரின்போது நாட்டுக் குடை ஒன்று வாங்கிக் கொடுத்தார்களாம். முதல் மழையிலேயே ஒழுகிற்றாம். கடல் கடந்து வந்த துணியால் நம் தறிகள் நின்ற கதையைப் பாடத்தில் நடத்தும் நாம், அந்த ஜாபிதாவை ரசித்ததற்காக வெட்கப்பட்டதுண்டு. பாட்டியார் வெட்கப்படவில்லை. ஆசைப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை, அனுப்பாததற்காக வருந்தவுமில்லை. ஆசையே இல்லாதவர்கள் செய்த பகிஷ்காரத்தைவிட இது நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மவுண்ட் ரோடுக் கட்டடத்தின் கதை இன்னும் விநோதம். அது சுதேசமித்திரன் பத்திரிகையின் கைக்கு வந்து, விக்டரி ஹவுஸ் என்று பெயர் பெற்றது. ஜி. சுப்பிரமணிய ஐயர் அப்பத்திரிகையைத் தொடங்கியதும் அதே 1882-இல்தான்! அப்புறம் வி. ஜி. பி. சகோதரர்கள் அங்கே கடை வைத்தார்கள். ரொக்கமில்லாவிட்டால் சரக்கில்லை என்ற சுவர்களுக்குள்ளே தவணை வியாபாரம்! இதைச் சொன்னபோது பாட்டியார் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியானால் இப்போது சீட்டை அனுப்பலாமே!" என்றார்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் வீட்டு ஓடுகள் பறந்தன. பெட்டிக்குள் நீர் புகுந்து ஜாபிதா கூழாயிற்று. பாட்டியார் அதற்கு முன்பே போய்விட்டார். ஆர்டர் சீட்டு மட்டும் புடவை மடிப்பில் ஒட்டிக்கொண்டு தப்பியது. அச்சடித்த எழுத்து மங்கிவிட்டது. பென்சில் எழுத்து கரையவில்லை. நிறம் குறிக்க வேண்டிய இடத்தில் 'நீலம்' என்று இருக்கிறது.