விரலை எண்ணும் சட்டம் நரம்பையும் எண்ணட்டும்

ஹரியானாவின் குருகிராம், மானேசர், பரிதாபாத் தொழிற்பகுதிகளில், மோட்டார் வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் எந்திரங்கள் இரவும் பகலும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கின்றன. தகட்டை அச்சின்மேல் வைப்பது தொழிலாளியின் கை; அடிபட்ட துண்டை வெளியே எடுப்பதும் அதே கை. ஒருமுறை மிதித்தால் இருமுறை இறங்கும் பழுதுபட்ட எந்திரம், உற்பத்தி வேகத்திற்குத் தடையென்று கழற்றி வைக்கப்பட்ட சென்சார், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு ஆகிய மூன்றும் சேருமிடத்தில் விரல்கள் துண்டாகின்றன. பலியாவோரில் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள். விபத்து நடந்த பிறகே இ.எஸ்.ஐ. அட்டை எழுதப்படும் கொடுமையையும், ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன.

துண்டான விரல் கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணப்படுகிறது. எண்ணப்படாத இன்னொரு காயமும் உண்டு. ஐந்து விரல்களும் இருக்கும், தையல் ஆறியிருக்கும், ஆனால் கை உழைக்காது. திருகாணியைப் பிடித்தால் நழுவும். சூடான தகட்டைத் தொட்டால் தெரியாது. அறுந்தது விரலன்று, நரம்பு.

தமிழில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல் பல பொருள் தருகிறது. யாழின் தந்தியும் நரம்பு; புறங்கையில் புடைத்து நிற்கும் இரத்தக் குழாயும் பேச்சுவழக்கில் நரம்பு; விரலை இழுக்கும் தசைநாணும் நரம்பு. இந்தியில் ‘நஸ்’ என்ற சொல்லும் இரத்தக் குழாய், நரம்பு இரண்டையும் குறிக்கிறது. காயம்பட்ட தொழிலாளி ‘நஸ் அறுந்துவிட்டது’ என்கிறார். இரத்தம் நின்று தோல் தைக்கப்பட்டதும் ‘நஸ்’ சரியாகிவிட்டதென்று அவரும் நம்பிவிடுகிறார், மேஸ்திரியும் நம்பவைக்கிறார். உணர்ச்சியையும் அசைவையும் சுமக்கும் நரம்பு தைக்கப்படவே இல்லை என்பது, மாதங்கள் கழிந்து உள்ளங்கைத் தசை குழிவிழும்போதுதான் தெரியவருகிறது.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு வேர்கள் தோளருகே பின்னலாகப் பின்னிப் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. அவற்றுள் மூன்று, உழைக்கும் கையின் உயிர்நாடிகள். மீடியன் நரம்பு பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்வு தருகிறது. பெருவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு பிடிக்கும் ஆற்றலும் அதனுடையது. அல்நார் நரம்பு முழங்கை எலும்பின் உட்புறத்தை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடிச் சிறுவிரல் பக்கம் சேர்கிறது. அது செயலிழந்தால் விரல்கள் நகம்போல் வளைந்துவிடும். ரேடியல் நரம்பு மேற்கை எலும்பைச் சுற்றி வருகிறது; அது கெட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். ஈயப் புகையையும் தூசியையும் நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளர்களிடமும் இதே ‘தொங்கும் மணிக்கட்டு’ காணப்படுவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும்.

அறுந்த நரம்பை நுண்ணறுவை சிகிச்சையால் தைக்கலாம். தைத்தபின் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் அறுந்தது விரல் நுனியைச் சேர ஆறு மாதங்களுக்குக் குறையாது. முழங்கையில் அறுந்தது இன்னும் நீண்ட காலம் எடுக்கும். நரம்பின் தொடர்பின்றி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசையோ மீட்க இயலாதபடி சுருங்கிவிடுகிறது. ஆகவே காலத்தோடு நடக்கும் பந்தயம் இது. நுண்ணறுவை செய்யும் மருத்துவர் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறார், இயன்முறைப் பயிற்சி எத்தனை மாதங்கள் கிடைக்கும், அதுவரை குடும்பம் எதைக் கொண்டு சாப்பிடும் என்பவையே ஒரு கையின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. வாடகை அறையில் தங்கி, ஒப்பந்தக்காரரின் தயவில் வாழும் புலம்பெயர் தொழிலாளிக்கு இப்பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பு மிகக் குறைவு.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கையை விழுக்காடுகளாகப் பிரித்து வைத்தது. பெருவிரல் போனால் 30, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சிறுவிரலுக்கோ 7. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 அந்தப் பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டபோதும், விரல்களை விழுக்காட்டால் எண்ணும் அதே முறை தொடர்கிறது. எலும்பு எவ்வளவு துண்டானது என்பதே இங்கே அளவுகோல். ஓர் உறுப்பு முழுமையாகவும் நிரந்தரமாகவும் பயனிழந்தால், அந்த உறுப்பையே இழந்ததற்குச் சமமாகக் கொள்ள வேண்டும் என்ற குறிப்பும் அந்த அட்டவணையின் அடியில் இருந்தது என்பது மெய்தான். ஆனால் விரல் இல்லையென்பதற்கு ஒரு புகைப்படம் போதும். இருக்கும் விரல் செத்துவிட்டது என்பதற்கு நரம்புக் கடத்தல் சோதனையும், அதைப் படித்துச் சொல்லும் வல்லுநரும், வாதாடும் தொழிற்சங்கமும் வேண்டும். பகுதியளவே உணர்விழந்த கையென்றால் நிலைமை இன்னும் மோசம்.

உச்ச நீதிமன்றம் இதில் ஒரு நல்ல வழியைக் காட்டியுள்ளது. 1976-இல் சட்ட ஏடுகளில் வெளியான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை இழந்த தச்சுத் தொழிலாளியின் இழப்பை அட்டவணை விழுக்காட்டோடு நிறுத்த நீதிமன்றம் உடன்படவில்லை. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய இயலாது. ஆகவே அவருடைய இழப்பு முழுமையானது என்ற முடிவை அது உறுதிசெய்தது. உடலில் என்ன குறைந்தது என்பதோடு, அந்த உடல் எந்த வேலையைச் செய்து வாழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். உணர்விழந்த சுட்டுவிரலோடு ஒரு மேலாளர் கோப்பில் கையொப்பமிடலாம். தையல் தொழிலாளியால் ஊசியில் நூல் கோக்க முடியாது. இந்த அளவுகோல் மருத்துவ வாரியங்களின் அன்றாட நடைமுறையாக வேண்டும்.

எந்திரம் ஒரே அடியில் செய்வதை, ஓயாத வேலை ஆண்டுக்கணக்கில் மெதுவாகவும் செய்கிறது. மணிக்கட்டின் குறுகிய பாதைக்குள் மீடியன் நரம்போடு ஒன்பது தசைநாண்கள் நெருக்கியடித்துச் செல்கின்றன. ஓயாமல் ஒரே அசைவு, அழுத்திப் பிடித்தல், அதிரும் கருவி ஆகியவற்றால் அவை வீங்கினால் நசுங்குவது நரம்புதான். இரவில் கை மரத்து விழித்துக்கொள்ளும் தையல் தொழிலாளியும், கல்லுடைக்கும் துளைக்கருவியைப் பிடிப்பவரும் இதன் பெயரை அறியாமலே இதை அனுபவிக்கிறார்கள். ஓயாது எழுதும் எழுத்தர்களின் கை மரத்துப்போவதை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713-இலேயே பதிவு செய்தார். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் ‘கார்பல் டனல்’ பாதிப்பு வெளிப்படையாக இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலிருந்த 29 நோய்களில் அது இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாத நோய் அரசின் கணக்கில் நோயே அன்று.

‘தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்’ என்பது நிர்வாகங்களின் வழக்கமான பதில். கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கும் காரணமாகச் சட்டத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. குடிபோதை, தெரிந்தே விதியை மீறல், தெரிந்தே பாதுகாப்புச் சாதனத்தை அகற்றல் ஆகியவையே விலக்குகள். உயிரிழப்பும் நிரந்தர முழு ஊனமும் நேர்ந்தால் அவையும் செல்லா. பத்தாவது மணி நேரத்தில் ஒரு நொடி கண் அயர்வது குற்றமன்று. அந்த நொடியில் தானே நின்றுவிடாத எந்திரத்தை ஓட்டியதே குற்றம். இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினாலன்றி இயங்காத பிரஸ் புதிய கண்டுபிடிப்பன்று. அதை வாங்கும் செலவைவிட விரல் மலிவாக இருப்பதே சிக்கல்.

இந்நிலையில் ஒன்றிய அரசு என்ன செய்திருக்கிறது? தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020, மின்விசையால் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 10 தொழிலாளர்களிலிருந்து 20-ஆக உயர்த்தியது. ஆய்வாளர் இனி ‘ஆய்வாளரும் வசதியளிப்பவரும்’ ஆகிவிட்டார். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி 2025 நவம்பர் 21 அன்று இத்தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. பெரிய வாகன நிறுவனங்களின் விநியோகச் சங்கிலியில் கடைசிக் கண்ணியாக இருக்கும், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பிரஸ் பட்டறைகளே மிகவும் ஆபத்தானவை. பாதுகாப்பு எங்கே மிகத் தேவையோ, அங்கிருந்தே அது திரும்பப் பெறப்பட்டிருக்கிறது.

கோரிக்கைகள் தெளிவானவை. கைக்காயம் அனைத்திற்கும் இழப்பீட்டை மதிப்பிடுமுன் நரம்புச் சோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். தொழில்வாரியாக உழைப்புத்திறன் இழப்பு கணக்கிடப்பட வேண்டும். ‘கார்பல் டனல்’, அதிர்வால் வரும் நரம்புச் சிதைவு ஆகியவை தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். தொழிற்பகுதி ஒவ்வொன்றிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கை நுண்ணறுவைப் பிரிவு இயங்க வேண்டும். நரம்பு வளரும் காலம் முழுதும், மருத்துவமனை வாசலைத் தாண்டியபின்னும், தற்காலிக ஊனப் பயன் தொடர வேண்டும். பட்டறை தன்னுடையதன்று என்று பெரிய நிறுவனம் கைகழுவிவிட முடியாதபடி, உதிரிபாகத்தை வாங்குபவரும் பொறுப்பேற்க வேண்டும்.

கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பே உருவாக்கிய படைப்பு என்று ஏங்கெல்ஸ் 1876-இல் விளக்கினார். பல்லாயிரம் தலைமுறைகளின் உழைப்பு செதுக்கிய அந்தக் கையை, 14 என்றும் 7 என்றும் விலைபேசும் ஏற்பாட்டை மாற்றும் போராட்டம் தொழிற்சங்கங்களின் அன்றாட வேலையாக வேண்டும். அடுத்த வாயிற்கூட்டத்தில் கூலி உயர்வு பற்றிப் பேசும்போதே, விரல்கள் மரத்துப்போகும் தோழர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் எடுக்கத் தொடங்கலாம்.